சென்னை – சிங்கப்பூர் விமான தூரமும் பயண நேரமும்: நீங்களே கணக்கிட முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் 3 மணி 40 நிமிடம் என்று இருக்கும். இன்னோரிடத்தில் 4 மணி நேரம். டிக்கெட்டைப் பார்த்தால் நாலரை மணி நேரம். இதில் எது சரி என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் மூன்றுமே சரிதான், ஆனால் மூன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். முதலாவது, தூரத்தை வேகத்தால் வகுத்து வந்த எண். இரண்டாவது, சக்கரம் ஓடுபாதையை விட்டதிலிருந்து மறுபடி தொடும் வரையான நேரம். மூன்றாவது, இந்த ஊர் கேட்டிலிருந்து (நிலையத்தில் விமானம் நிற்கும், பயணிகள் ஏறி இறங்கும் வாயில்) அந்த ஊர் கேட் வரை. நாலாவதாக ஒன்று இருக்கிறது: உங்கள் வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வீட்டு வாசல் வரை. பயணிக்கு உண்மையில் வேண்டியது அந்த நாலாவது நேரம்தான். அதைப் பெரும்பாலான தளங்கள் உங்களுக்காகக் கணக்குப் போட்டுத் தருவதில்லை.

சென்னை – சிங்கப்பூர் வழியையே உதாரணமாக வைத்து நான்கையும் எப்படிக் கணக்கிடுவது என்று இங்கே எழுதுகிறேன். முறை புரிந்துவிட்டால் எந்த இரண்டு ஊருக்கும் இதையே பயன்படுத்தலாம். ஒரு கைப்பேசி கால்குலேட்டர் போதும்.

முதல் படி: எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு?

ஊருக்கும் ஊருக்கும் இடையே தூரம் அளக்காதீர்கள், விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே அளங்கள். லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று பல நிலையங்கள். டோக்கியோவில் நரிட்டா நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தள்ளி இருக்கிறது, ஹனேடா ஊரை ஒட்டியே இருக்கிறது. டிக்கெட்டில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். சென்னைக்கு எம்.ஏ.ஏ., சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்.ஐ.என்.

அடுத்து அந்த இரண்டு நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். கூகுள் மேப்ஸில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். சென்னை மீனம்பாக்கம்: வடக்கு 12.99 பாகை, கிழக்கு 80.17 பாகை. சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99.

இரண்டாம் படி: தூரம்

பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை என்பது சுமார் 111.2 கி.மீ. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

வடக்கு-தெற்கு வித்தியாசம் 12.99 கழித்தல் 1.36, அதாவது 11.63 பாகை. 111.2-ஆல் பெருக்கினால் 1,293 கி.மீ. கிழக்கு-மேற்கு வித்தியாசம் 23.82 பாகை. இதில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும், ஏனென்றால் நிலநடுக்கோட்டிலிருந்து மேலே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கி வரும். இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகை 7.175 பாகை. அதன் கோசைன் 0.992. ஆக 23.82 × 111.2 × 0.992 என்று பெருக்கினால் ஏறத்தாழ 2,628 கி.மீ. இனிப் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்: இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,929 கி.மீ. வருகிறது.

பூமியை உருண்டையாகவே வைத்துத் துல்லியமாகக் கணக்கிட்டால் 2,924 கி.மீ. நம் எளிய முறையில் ஐந்தே கிலோமீட்டர்தான் பிசகு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள, ரொம்பத் தூரம் இல்லாத ஊர்களுக்கு இந்த முறை தாராளமாகப் போதும்.

ஆனால் இதே முறையைச் சென்னை – லண்டனுக்குப் போட்டுப் பாருங்கள். ஹீத்ரோ வடக்கு 51.47, மேற்கு 0.45. எளிய முறையில் ஏறக்குறைய 8,700 கி.மீ. வரும். உண்மையில் 8,234 கி.மீ.தான். கிட்டத்தட்ட 475 கி.மீ. கூடுதலாகக் காட்டிவிடுகிறது. தட்டையான வரைபடத்தில் நேர்கோடாகத் தெரிவது உருண்டைப் பூமியில் குறுக்குவழி இல்லை என்பதுதான் காரணம். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின் வில், அதாவது பூமியை அதன் மையத்தின் வழியே வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டத்தின் ஒரு பகுதி. அதனால்தான் வட அரைக்கோளத்தில் நீண்ட தூர விமானங்களின் பாதை வரைபடத்தில் வடக்கு நோக்கி வில்லாக வளைந்து தெரிகிறது.

தூர ஊர்களுக்கு இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டி, கூட்டுத்தொகையின் தலைகீழ் கோசைனை எடுங்கள். வரும் பாகையை 111.2-ஆல் பெருக்கினால் கி.மீ. லண்டனுக்கு ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்கரேகை வித்தியாசம் 80.17 கூட்டல் 0.45, அதாவது 80.62 பாகை. இனி 0.2248 × 0.7823 = 0.1758. அடுத்து 0.9744 × 0.6229 × 0.1630 = 0.0989. கூட்டினால் 0.2747, தலைகீழ் கோசைன் 74.05 பாகை, தூரம் 8,234 கி.மீ. கால்குலேட்டர் பாகை அளவில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சில ஊர் ஜோடிகளுக்கு இந்தச் சூத்திரத்தில் கழித்தல் குறியும் வரும், அதை அப்படியே வைத்துக் கணக்கிட்டால் சரியாக வரும்.

கணக்குப் போடப் பொறுமை இல்லை என்றால் கூகுள் மேப்ஸின் தூரம் அளக்கும் வசதி இருக்கிறது, கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளமும் இருக்கிறது. எந்த அலகில் காட்டுகிறது என்பதைக் கவனியுங்கள். சென்னை – சிங்கப்பூர் 2,924 கி.மீ. என்பது 1,817 மைல், விமானிகள் கணக்கில் 1,579 கடல் மைல். மூன்றும் ஒரே தூரம்தான்.

மூன்றாம் படி: விமானம் உண்மையில் பறக்கும் தூரம்

சென்னை – சிங்கப்பூர் பெருவட்டக் கோட்டை வரைந்தால் அது வங்காள விரிகுடாவைக் குறுக்கே தாண்டி, கிரேட் நிகோபார் தீவின் தென்முனைக்குச் சற்றுக் கீழே போகும். பிறகு சுமத்ராவின் வடமுனையில் பந்தா ஆச்சே ஊருக்குக் கொஞ்சம் வடக்கே கடந்து, மலாக்கா நீரிணை நெடுகத் தென்கிழக்காக இறங்கிச் சிங்கப்பூரைத் தொடும். ஜன்னல் இருக்கை கிடைத்து வானமும் தெளிவாக இருந்தால் கடைசி ஒரு மணி நேரம் கீழே கப்பல்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடிக்கும் வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதும் இந்த நீரிணை வழியாகத்தான். அதில் ஒரு வாரத்தை ஒட்டி ஆகும்.

விமானம் அந்தக் கோட்டின் மேலேயே அச்சுப் பிசகாமல் போகாது. வகுத்து வைத்த வான்வழிகள், புயல் மேகங்கள், இறங்கும்போது ஓடுபாதைக்கு நேராக வரப் போடும் சுற்று எல்லாம் சேர்ந்து இந்த மாதிரி வழியில் 3 முதல் 5 சதவீதம் கூடும். ஆக 2,924 என்பது 3,010 முதல் 3,070 கி.மீ. ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது சாதாரண நாட்களில். வான்வெளி மூடப்பட்டால் கணக்கே மாறிவிடும். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியதால் ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரத்தை ஒட்டி இருந்தது சுமார் 13 மணி நேரமாக நீண்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்களுக்கும் இதே கதி. ஊர்களுக்கு இடையேயான தூரம் மாறவில்லை, விமானம் சுற்றிப் போக வேண்டிய தூரம் மாறிவிட்டது. எனவே மேற்கு ஆசியா, ஐரோப்பா பக்கம் போகிறவர்கள் பழைய பதிவில் படித்த நேரத்தை நம்பாமல், அந்த வாரத்தில் அதே விமானம் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பாருங்கள்.

நான்காம் படி: வேகம், காற்று

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற விமானங்கள் உச்சியில் ஒலி வேகத்தில் சுமார் 0.78 பங்கு வேகத்தில் பறக்கும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை 0.85 பங்கு. 35,000 அடிக்கு மேலே உள்ள குளிர்ந்த காற்றில் ஒலி மணிக்கு 1,060 கி.மீ.யை ஒட்டித்தான் போகும். அதனால் முதல் வகைக்கு மணிக்கு 830 கி.மீ., இரண்டாவதற்கு 900 கி.மீ. என்று கொள்ளலாம்.

ஆனால் இந்த வேகம் பயணம் முழுக்க இருக்காது. புறப்பட்ட முதல் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஏற்றம். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. இறங்கும்போது சுமார் 200 கி.மீ. முன்னாலேயே இறக்கம் தொடங்கிவிடும், ஓடுபாதையைத் தொடும்போது வேகம் மணிக்கு 250 கி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். இரண்டு முனையிலும் இழக்கும் நேரத்துக்காகத்தான் குறுகிய பயணங்களில் சராசரி வேகம் ரொம்பக் குறைவாகத் தெரிகிறது.

எளிய விதி இது: பெருவட்டத் தூரத்தை 800-ஆல் வகுத்து, கேட்டிலிருந்து கேட் வரையான நேரம் வேண்டுமென்றால் 40 நிமிடம் சேருங்கள். சென்னை – சிங்கப்பூர்: 2,924-ஐ 800-ஆல் வகுத்தால் 3.65 மணி, அதாவது 3 மணி 39 நிமிடம். நாற்பதைச் சேர்த்தால் 4 மணி 19 நிமிடம். லண்டனுக்கு 10 மணி 17 நிமிடம், நாற்பதைச் சேர்த்தால் 11 மணி நேரத்துக்கு மூன்று நிமிடம் குறைவு. டிக்கெட்டில் உள்ள நேரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும்.

இனி காற்று. போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் ஏன் என்பதற்கு இதுதான் பதில். பூமி சுழல்வதால் கீழே உள்ள ஊர் நகர்ந்து பக்கத்தில் வந்துவிடுகிறது என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. உண்மைக் காரணம் வடக்கு நடு அட்சரேகைகளில் ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். லண்டன் பயணத்தில் சராசரியாக மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று இருந்தாலே போதும்: 850 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் போகும்போது தரையைப் பொறுத்து 800-ஆகவும், திரும்பும்போது 900-ஆகவும் ஆகிறது. 8,234 கி.மீ.க்கு வித்தியாசம் ஒரு மணி 9 நிமிடம். அதனால்தான் லண்டன் போக சுமார் 11 மணி நேரமும் திரும்ப 10 மணி நேரத்தை ஒட்டியும் ஆகிறது.

சிங்கப்பூர் வழியில் கதை வேறு. இந்த வழி ஜெட் காற்றுக்கு ரொம்பத் தெற்கே இருக்கிறது. மாறாக, தென்மேற்குப் பருவமழை மாதங்களில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்று ஓடும். இந்திய வானிலையாளர் பி. கோடேஸ்வரம் 1958-ல் இந்த வெப்பமண்டலக் கிழக்குக் காற்றை விவரித்து எழுதினார். கீழே தென்மேற்கிலிருந்து பருவக்காற்று வீசும்போது, அதே நாளில் மேலே நேர் எதிராகக் கிழக்கிலிருந்து காற்று! அதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலேதான் இருக்கும், ஆனாலும் கொஞ்சம் கீழே வரை தெரியும். ஆக ஜூலையில் சிங்கப்பூர் போகிறவருக்கு எதிர்க்காற்று, சென்னை திரும்புகிறவருக்குப் பின்காற்று. மணிக்கு 30 கி.மீ. காற்று இருந்தால் 3,000 கி.மீ.யில் போக்குக்கும் வரத்துக்கும் இடையே கால் மணி நேர வித்தியாசம் வரும். இருக்கைத் திரையில் தரை வேகத்தைக் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துப் பாருங்கள், காற்று கூடுவதும் குறைவதும் அந்த எண்ணில் தெரியும்.

ஐந்தாம் படி: டிக்கெட்டில் உள்ள நேரம்

டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரம் விமானம் மேலெழும் நேரம் இல்லை. கேட்டை விட்டு நகரும் நேரம். வந்து சேரும் நேரமும் அப்படித்தான், அந்த ஊர் கேட்டில் நிற்கும் நேரம். இடையே ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் ஊர்வது எல்லாம் அடக்கம். இதைத்தான் பிளாக் டைம் என்கிறார்கள். தாமதமானாலும் நேரத்துக்கு வந்ததாக இருக்கட்டும் என்று விமான நிறுவனங்கள் இதில் கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்து வைக்கும். அதனால்தான் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்தில் வந்து இறங்குவதை அடிக்கடி பார்க்கிறோம்.

ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் மாதிரித் தளங்களில் விமான எண்ணைப் போட்டால் கடந்த சில நாட்களின் உண்மைப் புறப்பாடும் வருகையும் வரும். ஒரே ஒரு நாளைப் பார்த்து முடிவு செய்யாமல் ஒரு வாரத்தைப் பாருங்கள். அந்த வாரத்தின் மிக நீண்ட நேரத்தை எடுத்து உங்கள் ஏற்பாடுகளைச் செய்யுங்கள். சென்னையில் சில நாட்கள் தனி ரகம். போகிப் பண்டிகை விடியலில் புகைமூட்டத்தால் விமானங்கள் தாமதமான, திருப்பிவிடப்பட்ட ஆண்டுகள் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் விமான நிலையத்தையே மூட வேண்டி வந்தது. நவம்பர், டிசம்பரில் தவறவே கூடாத வேலை இருந்தால் ஒரு நாள் முன்னாடியே போய்ச் சேரும்படி டிக்கெட் போடுங்கள்.

ஆறாம் படி: இரண்டு ஊர்க் கடிகாரங்கள்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், வந்து சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். இந்தியா உலகப் பொது நேரத்தை விட ஐந்தரை மணி நேரம் முன்னே, சிங்கப்பூர் எட்டு மணி நேரம் முன்னே. வித்தியாசம் இரண்டரை மணி நேரம்.

உதாரணத்துக்கு, பேரனைப் பார்க்க அத்தை சிங்கப்பூர் போகிறார். டிக்கெட்டில் சென்னை இரவு 11.15, சிங்கப்பூர் காலை 6.15, பக்கத்தில் சின்னதாகக் கூட்டல் ஒன்று. அந்தக் கூட்டல் ஒன்று என்றால் மறுநாள் என்று பொருள். 11.15-லிருந்து 6.15 வரை ஏழு மணி நேரம், அதில் இரண்டரையைக் கழித்தால் நாலரை. இதுதான் உண்மைப் பயண நேரம். கிழக்கே போனால் கழிக்க வேண்டும், மேற்கே வந்தால் கூட்ட வேண்டும். திரும்பும்போது சிங்கப்பூர் இரவு 8.00, சென்னை இரவு 9.45 என்று இருந்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுகிறார் என்று ஆகாது. இரண்டரையைக் கூட்டினால் நாலேகால்.

லண்டனுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்துவிடுவார்கள். அதனால் கோடையில் வித்தியாசம் நாலரை மணி நேரம், குளிர்காலத்தில் ஐந்தரை.

சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகைப்படி பார்த்தால் ஏழு மணி நேர முன்னேற்றம்தான் இயல்பு. 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவை ஒட்டி எட்டு மணி நேர முன்னேற்றத்துக்கு மாறிக்கொண்டது. அதனால் அங்கே காலை ஏழு மணியை ஒட்டித்தான் விடியும். அத்தை 6.15-க்கு இறங்கும்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இதைவிட முக்கியம் நள்ளிரவு டிக்கெட். 15-ஆம் தேதி 00.40 என்று போட்டிருந்தால் நீங்கள் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இது ரொம்பப் பேரைத் தடுமாற வைக்கிறது. டிக்கெட் கைக்கு வந்ததுமே காலண்டரில் 14-ஆம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: இடையில் மாறிப் போனால்

சென்னையிலிருந்து நேர் விமானம் விலை கூடுதலாக இருக்கும்போது கொழும்பு வழியாகப் போகலாமா என்ற கேள்வி வரும். சென்னை – கொழும்பு சுமார் 647 கி.மீ., கொழும்பு – சிங்கப்பூர் சுமார் 2,750 கி.மீ. மொத்தம் ஏறக்குறைய 3,400. நேர்வழியை விட 475 கி.மீ.தான் கூடுதல். பறக்கும் நேரம் என்று பார்த்தால் முக்கால் மணி நேரம்கூடக் கூடாது. ஆனால் இன்னொரு முறை ஏற்றம், இறக்கம், ஊர்தல், அதற்கு மேல் கொழும்பில் காத்திருப்பு. இரண்டு மணி நேரக் காத்திருப்பு என்றாலே பயணம் ஏழரை மணி நேரத்தைத் தொட்டுவிடும். மாறிப் போகும் பயணத்தில் தூரத்தைப் பார்க்காதீர்கள், காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள்.

இரண்டு விமானமும் ஒரே முன்பதிவில் இருப்பது நல்லது. முதலாவது தாமதமாகி அடுத்தது தவறினால் மாற்று ஏற்பாடு பொதுவாக நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்தச் சுமை உங்களுடையது.

எட்டாம் படி: வாசலிலிருந்து வாசல் வரை

வேளச்சேரியில் இருந்து சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுக்குப் போகிறவர் கணக்கு இப்படி. வீட்டிலிருந்து மீனம்பாக்கம் முக்கால் மணி நேரம், மாலை நெரிசலில் கூடும். சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். விமானத்தில் நாலரை. சாங்கியில் குடிநுழைவும் பெட்டியும் முக்கால் முதல் ஒரு மணி நேரம். அப்புறம் ரயில்: சாங்கியில் ஏறி எக்ஸ்போவில் டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் லிட்டில் இந்தியா நேராக வந்துவிடும், இதற்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் பத்து மணி நேரத்தைத் தாண்டுகிறது. நாலரை மணி நேரப் பயணம் என்று நினைத்துப் போகிற அன்றே ஒரு முக்கியச் சந்திப்பை வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை, சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், குடிநுழைவுத் துறையின் தளத்திலேயே இலவசமாக நிரப்பி வைத்துவிடுங்கள். அங்கே போய் நின்றுகொண்டு நிரப்பினால் நேரம் போகும்.

தஞ்சாவூர்க்காரருக்கு இந்தக் கணக்கு முற்றிலும் வேறு. திருச்சி – சிங்கப்பூர் வான்தூரம் சுமார் 2,980 கி.மீ. சென்னையை விட 55 கி.மீ. அதிகம், பறக்கும் நேரத்தில் நான்கைந்து நிமிடம். ஆனால் தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். சென்னை என்றால் ஓர் இரவுப் பேருந்தோ ரயிலோ பிடிக்க வேண்டும். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானங்கள் இருக்கும்போது, டிக்கெட் விலையை மட்டும் ஒப்பிடாமல் சென்னை வரை போகும் செலவையும் அந்த இரவையும் சேர்த்து ஒப்பிடுங்கள். கும்பகோணம், புதுக்கோட்டை, பெரம்பலூர்க்காரர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

வரவேற்க வருகிறவருக்கு விமான எண்ணையும் தேதியையும் அனுப்பிவிடுங்கள், இறங்கும் நேரத்தை மட்டும் சொன்னால் போதாது. அவர் அந்த எண்ணை வைத்து விமானம் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே கிளம்பலாம். தரை தொட்டதாகத் திரை காட்டியபிறகு பெட்டியோடு வெளியே வர முக்கால் மணி நேரம் ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.